குருவிட மூளைத்தண்டும் காதும் நியூரோட்ரான்ஸ்மிட்டரும்: அடிக்கடி கேக்கிற கேள்விகள்

மட்டக்களப்பில இருந்து எழுதுறன். உயர்தரம் பயோ செய்யிற புள்ளைகள், ஊர்க்கோழி வளக்கிற ஆக்கள், கெமராவும் தூக்கிக்கொண்டு குமணப் பக்கம் குருவி பாக்கப் போற கூட்டாளிமார் எண்டு எல்லாரும் கேக்கிற கேள்வியை ஒரே இடத்தில போட்டு வச்சா ஒவ்வொருத்தருக்கும் திருப்பித் திருப்பி டைப் பண்ணத் தேவல்ல, அதுக்குத்தான் இது. வரிசையா வாசிக்கணும் எண்டில்ல, ஆனா காபா (நரம்புக்கு இடையில செய்தி சொல்லுற ஒரு கெமிக்கல்) பத்தின கேள்வியை மட்டும் விட்டுராதீங்க, மத்ததெல்லாம் அதைச் சுத்தித்தான் கிடக்கு.

சேர், மூளைத்தண்டு எண்டா மூளைட எந்தப் பக்கம்? காது கேக்கிறது அங்கயா நடக்குது?

முண்ணாண் மேல ஏறிப் போய் மூளையோட சேருற துண்டு தான் மூளைத்தண்டு. மூச்சு, இதயத் துடிப்பு எல்லாம் பாக்கிற இடம். செவிநரம்பு வந்து முதல்ல இறங்குறதும் அங்கதான். "இது குயில்ட சத்தம்" எண்டு வெளங்குறது இன்னும் மேல போய்த்தான், ஆனா சத்தம் எந்தத் திசையில இருந்து வருது, எப்ப தொடங்கினது, எவ்வளவு பலம் எண்ட கணக்கெல்லாம் மூளைத்தண்டிலயே தொடங்கிரும்.

பாதை இதுதான். குருவிக்கு (கோழி, கூகை எண்டு எல்லாப் பறவையையும் சேத்துத்தான் சொல்லுறன்) வெளிக்காது மடல் இல்ல, நடுக்காதுக்குள்ள எங்களுக்கு மூண்டு எலும்பு இருக்கிற இடத்தில அதுக்கு ஒண்டே ஒண்டு, கொலுமெல்லா எண்டு பேர். அது ஆட்டுற ஆட்டத்தில உள்காதில இருக்கிற மயிர்க்கலங்கள் அசையும். அந்த மயிர்க்கலம் இருக்கிற குழாய் தான் கொக்ளியா. எங்கட கொக்ளியா சுருண்டு கிடக்கும், குருவிட கொக்ளியா லேசா வளைஞ்ச கட்டையான குழாய். மயிர்க்கலத்தில இருந்து செவிநரம்பு, செவிநரம்பு மூளைத்தண்டுக்குள்ள வந்த உடனே ரெண்டாப் பிரிஞ்சு ஒரு கிளை நியூக்ளியஸ் மக்னோசெலுலாரிஸ் எண்ட நியூரோன் (நரம்புக்கலம்) கூட்டத்துக்கும் மத்தக் கிளை நியூக்ளியஸ் அங்குலாரிஸ் எண்ட கூட்டத்துக்கும் போகும். மக்னோசெலுலாரிஸ்ல இருந்து நியூக்ளியஸ் லமினாரிஸ், பக்கத்தில சுப்பீரியர் ஒலிவரி நியூக்ளியஸ், மறுகா மேல நடுமூளை. இனி மக்னோ, அங்குலாரிஸ், லமினாரிஸ், ஒலிவரி எண்டே எழுதுறன், முழுப்பேரும் எழுதினா கை உளையும்.

நியூரோட்ரான்ஸ்மிட்டர் எண்டா என்ன? ஒள்ளுப்பம் லேசாச் சொல்லுங்க.

ஒரு நியூரோன்ட முனைக்கும் அடுத்த நியூரோனுக்கும் இடையில நூலளவு இடைவெளி இருக்கு, சினாப்ஸ். மின்சாரம் அதை நேரடியாத் தாண்டாது. முனைக்கு சிக்னல் வந்ததும் கல்சியம் உள்ள போகும், உள்ள சின்னச் சின்னப் பைகள்ல அடைச்சு வச்சிருக்கிற கெமிக்கல் வெளியில கொட்டுப்படும், அந்தப் பக்கம் இருக்கிற வாங்கிகள்ல போய் ஒட்டும். அந்தக் கெமிக்கல் தான் இது. குருவிட செவிப் பாதையில நாலு பேரைத் தெரிஞ்சா காணும்: குளூட்டமேட், காபா, கிளைசீன், அசிற்றைல்கோலின்.

பாடப் புத்தகத்தில "இது தூண்டும், இது அடக்கும்" எண்டு ரெண்டு பக்கமாப் பிரிச்சு எழுதியிருக்கும். சோதினைக்கு அது காணும். ஆனா கெமிக்கலுக்கு எண்டு சொந்தமா ஒரு குணம் இல்ல, வாங்குறவன் ஆரு, அவன்ட கலத்துக்குள்ள என்ன அயன் எவ்வளவு கிடக்கு, அது தான் முடிவெடுக்குது. குருவிட மூளைத்தண்டில இது பச்சையாத் தெரியும்.

என்னத்துக்கு எல்லாரும் கோழிக்குஞ்சையே வெட்டிப் பாக்கிறாங்க?

முட்டை மலிவு, 21 நாளில குஞ்சு, எந்த நாள் எந்தக் கட்டம் எண்டு அச்சொட்டாத் தெரியும். அதோட கோழிக்கரு முட்டைக்குள்ள இருக்கிறபோதே கேக்கத் தொடங்கிரும், அடைகாப்பில 11, 12 நாள் போல செவி சினாப்ஸ் வேலை செய்யத் தொடங்கி 18 நாளாகிறபோது கிட்டத்தட்டப் பெரிய ஆளாகிரும். எலிக்குட்டி பிறக்கிறபோது செவிடு, பிறந்து ரெண்டு கிழமை போலப் போகணும் காது திறக்க. ஆகவே காது எப்படி உருவாகுது எண்டு பாக்க முட்டை வசதி.

அமெரிக்காவில சியாட்டில் பக்கம் எட்வின் ரூபெல் ஆக்கள், ஒரிகன்ல லோரன்ஸ் ட்ரசெல் ஆக்கள், ஜப்பான்ல கியோட்டோவில ஓமோரி ஆக்கள் எல்லாம் பல வருசம் கோழியைத்தான் பாத்தவங்க. கலிபோர்னியாவில மசகாசு கொனிஷி மட்டும் கூகையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தார், அவர்ட கதைக்குக் கீழ வாறன்.

காதில இருந்து வாற முதல் சிக்னல் எந்தக் கெமிக்கல்ல போகுது?

குளூட்டமேட். மயிர்க்கலத்தில இருந்து செவிநரம்புக்கும் குளூட்டமேட், செவிநரம்பில இருந்து மக்னோவுக்கும் குளூட்டமேட், மக்னோவில இருந்து லமினாரிஸுக்கும் குளூட்டமேட். அப்ப என்ன விசேசம் எண்டு கேப்பீங்க. விசேசம் அந்த சினாப்ஸ்ட சைஸ்லயும் வேகத்திலயும் தான்.

சாதாரணமா ஒரு நியூரோனுக்கு ஆயிரக்கணக்கில குட்டிக் குட்டி சினாப்ஸ் வந்து சேரும், எல்லாரும் சேந்து கத்தினாத்தான் அது சுடும், அதாவது தானும் ஒரு சிக்னல் விடும். மக்னோ நியூரோன் அப்படியில்ல. கோழில ஒரு மக்னோ நியூரோனுக்கு ரெண்டு மூண்டு செவிநரம்பு இழை தான் வரும், ஆனா ஒவ்வொண்டும் முனையில பெரிசா விரிஞ்சு கலத்திட உடம்பையே கவ்விப் பிடிச்சிருக்கும். ஹெல்ட்ட முனைக்குமிழ் எண்டு அதுக்குப் பேர். மக்னோ நியூரோனுக்கு டென்ரைட் (செய்தி வாங்குற கிளை) எண்டு பெரிசா ஒண்டும் இல்ல, கிட்டத்தட்ட உருண்டை. கொட்டுற குளூட்டமேட் நேராக் கலத்து மேலயே விழும், வழியில தாமதிக்க இடமில்ல.

வாங்கிகளும் ஆம்பா எண்டு குளூட்டமேட்டைப் பிடிக்கிற வகை, அதிலயும் மிச்சம் வேகமானது. டக்கெண்டு திறந்து டக்கெண்டு மூடும், உடம்புச் சூட்டில (குருவிக்கு 41 பாகைக்குக் கிட்ட) ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவில ஆட்டம் முடிஞ்சிரும். கல்சியத்தையும் உள்ள விடும், மூளைட மத்த இடங்கள்ல இருக்கிற ஆம்பா வாங்கிகள் பெரும்பாலும் அதை விடாது. கலத்தில பொற்றாசியம் அயன் வெளியில போற வாசல்களும் கூட, வோல்டேஜ் ஒள்ளுப்பம் ஏறினாலே சிலது திறந்து உடனே இறக்கிவிடும். வந்த சிக்னல் தேங்கி நிக்காம, வந்த அதே நேரத்தில அடுத்த ஆளுக்குப் போகணும் எண்டதுக்காகவே எல்லாத்தையும் இழைச்சு வச்சிருக்கு.

என்னத்துக்கு இவ்வளவு அவசரம்? ஒரு மில்லிசெக்கன் பிந்தினா என்ன குடி முழுகியா போகும்?

கோழிட விசயத்தில முழுகும். கணக்கைப் போட்டுப் பாருங்க. சத்தம் காத்தில செக்கனுக்குக் கிட்டத்தட்ட 340 மீட்டர் போகும். கோழித் தலைட அகலம் ஒரு 3 சென்டிமீட்டர் எண்டு வைங்க. சத்தம் சரியா வலப்பக்கம் இருந்து வந்தா வலக்காதுக்கும் இடக்காதுக்கும் இடையில 90 மைக்ரோசெக்கன் அளவு தான் வித்தியாசம், அதாவது ஒரு மில்லிசெக்கன்ல பத்தில ஒரு பங்கும் இல்ல. குருவிட ரெண்டு நடுக்காதும் தலைக்குள்ளால காத்துக் குழாயால தொடுத்திருக்கிறதால அந்த வித்தியாசம் இன்னும் கொஞ்சம் கூடும், கூடினாலும் மைக்ரோசெக்கன் கணக்குத்தான்.

இதை எப்படிக் கண்டுபிடிக்கலாம் எண்டு 1948 இல ஜெஃப்ரஸ் எண்டவர் ஒரு ஐடியா போட்டார். ரெண்டு காதில இருந்தும் வாற நரம்பு ஒரே நியூரோனுக்கு வரட்டும், ரெண்டும் ஒரே நேரத்தில வந்து சேந்தா மட்டும் அது சுடட்டும். மறுகா ஒரு பக்க நரம்பை நீட்டியும் குறைச்சும் விட்டா ஒவ்வொரு நியூரோனும் ஒவ்வொரு திசைக்கு ஒத்துப்போகும். அப்ப அது வெறும் தாள்ல இருந்த ஐடியா. லமினாரிஸ் அச்சா அதைத்தான் செய்யுது. கோழிட லமினாரிஸ் நியூரோனுக்கு மேல ஒரு கொத்து டென்ரைட், கீழ ஒரு கொத்து. மேல இருக்கிறதுக்கு அதே பக்கத்து மக்னோவில இருந்து குளூட்டமேட், கீழ இருக்கிறதுக்கு மத்தப் பக்கத்து மக்னோவில இருந்து குளூட்டமேட். மத்தப் பக்கத்து நரம்பு தான் வரிசையா நீளம் கூடிக்கொண்டு போகுது. கூகையில இதே சங்கதியைக் கதரின் கார், கொனிஷி ரெண்டு பேரும் 1990 இல நரம்பிட சிக்னலையே அளந்து காட்டினாங்க.

குளூட்டமேட் ஒரு மில்லிசெக்கன் தேங்கி நிண்டாலும் 90 மைக்ரோசெக்கன் வித்தியாசம் அதுக்குள்ள அமுங்கிப் போயிரும், கோழிக்கு வலம் இடம் தெரியாது. வேகம் இவ்வளவு தேவைப்படுறது அதுக்குத்தான்.

கூகை இருட்டில எலியைப் பிடிக்கிறது உண்மையா கண்ணாலயா காதாலயா?

ரெண்டாலயும். ஆனா காது மட்டும் காணும் எண்டு 1971 இல ரோஜர் பெய்ன் எண்டவர் பூரண இருட்டில செய்து காட்டி எழுதினார். கூகைட ரெண்டு காதுத் துவாரமும் ஒரே உயரத்தில இல்ல, ஒண்டு மேல மத்தது கீழ. ஆகவே நேர வித்தியாசம் இடம் வலம் சொல்லும், பல வித்தியாசம் மேல கீழ சொல்லும். ரெண்டையும் சேத்து நடுமூளையில வெளிட ஒரு மேப்பே இருக்கு எண்டு 1978 இல நட்சன், கொனிஷி ரெண்டு பேரும் எழுதினது தான் இந்தத் துறையைத் தூக்கிவிட்ட வேலை.

சம்மாந்துறைப் பக்கம் ஒரு விவசாயி அண்ணன் கேட்டார், வீட்டுக் கூரையில கூகை வந்து இருந்தா சாவு வரும் எண்டு எங்கட உம்மா விரட்டுறா, விரட்டலாமா எண்டு. விரட்டாதீங்க அண்ணே. எலி தான் அதுக்குச் சாப்பாடு, உங்கட நெல்லைத் தின்னுறதும் எலி தான். அது வாற நேரம் வயலுக்கு எலிமருந்து போடாம இருந்தா இன்னும் நல்லம், மருந்து தின்ட எலியைத் தின்னா கூகையும் சாகும்.

அங்குலாரிஸ் என்ன செய்யுது? அதைப் பத்தி ஒருத்தரும் கதைக்கிறாங்க இல்லையே.

பாவம் அது. சத்தத்திட பலத்தைக் கணக்கெடுக்கிறது அது. நேரமும் பலமும் ரெண்டு தனிப் பாதையில போகுது எண்டு 1984 இல கூகையில காட்டினவங்க: மக்னோவை மரத்துப்போகச் செய்தா மேல இருக்கிற நியூரோனுக்கு நேர வித்தியாசம் தெரியாமப் போச்சு, பலம் தெரிஞ்சது. அங்குலாரிஸை மரத்துப்போகச் செய்தா பலம் தெரியாமப் போச்சு, நேரம் தெரிஞ்சது.

எனக்குப் பிடிச்ச விசயம் என்னண்டா, மக்னோவுக்கும் அங்குலாரிஸுக்கும் போறது ஒரே நரம்பு இழைட ரெண்டு கிளை, கொட்டுறதும் அதே குளூட்டமேட். ஆனா மக்னோவில வேகமா அடிச்சுக்கொண்டே போனா ஒவ்வொரு முறையும் கிடைக்கிறது குறைஞ்சு குறைஞ்சு போகும். அங்குலாரிஸ்ல அவ்வளவு குறையாது, சில சினாப்ஸ்ல கூடவும் செய்யும், அதால எவ்வளவு வேகத்தில அடிபடுது எண்ட கணக்கு, அதாவது பலம், தப்பாம மேல போகுது. இதை 2007 இல மக்லியொட் ஆக்கள் காட்டினாங்க.

காபா அடக்குறது தானே, குருவில மட்டும் என்ன குழப்பம்?

இதுக்குத்தான் இந்தப் பக்கமே. ஆறுதலா வாசிங்க.

ஒலிவரில இருக்கிற நியூரோன்கள்ல கனக்க காபா நியூரோன். அதுக்குச் செய்தி அங்குலாரிஸ்ல இருந்தும் லமினாரிஸ்ல இருந்தும் வரும், அது திருப்பி மக்னோ, லமினாரிஸ், அங்குலாரிஸ் மூண்டுக்கும் காபா கொட்டும். காபா ஏ வாங்கி எண்டா குளோரைட்டு அயன் போற வாசல். பொதுவா வளந்த நியூரோன் தன்ட உள்ளுக்குக் குளோரைட்டைக் குறைச்சு வச்சிருக்கும், ஆகவே வாசல் திறந்ததும் குளோரைட்டு உள்ள பாயும், குளோரைட்டு மறை ஏற்றம், உள்ளுக்கு வோல்டேஜ் இன்னும் இறங்கும், நியூரோன் அடங்கும். எல்லாப் புத்தகத்திலயும் இருக்கிற கதை.

மக்னோ நியூரோன்ல உள்ளுக்குக் குளோரைட்டு கூட. கருவில மட்டும் இல்ல, குஞ்சு பொரிச்ச பிறகும் அப்படியே. ஓய்வில அந்தக் கலம் மறை 60 மில்லிவோல்ட்டுக்கும் கீழ நிக்கும், குளோரைட்டு உள்ள போறதும் வெளியில வாறதும் சமனாகிற வோல்டேஜ் மறை 40 க்குக் கிட்ட. ஆகவே காபா வாசலைத் திறந்தா குளோரைட்டு வெளியில ஓடும், வோல்டேஜ் ஏறும். அதாவது புத்தகப்படி பாத்தா இது தூண்டுறது. ஆனா அளந்து பாத்தா நியூரோன் சுடுறது நிண்டு போகுது! 1990 களில ரூபெல்ட ஆக்கள் இதைப் பாத்துட்டு எழுதினபோது வாசிச்ச ஆக்கள் நம்பியிருப்பாங்களோ தெரியா, நான் முதல்ல வாசிச்சபோது அச்சுப்பிழையாக்கும் எண்டு ரெண்டாம் முறை வாசிச்சன்.

எப்படி ஏத்திக்கொண்டே அடக்குது? மூண்டு விசயம் சேந்து நடக்குது. ஒண்டு, குளோரைட்டு வாசல் நிறையத் திறந்து கிடந்தா கலத்திட தோல் ஓட்டை. வரம்பு உடைஞ்ச வயலுக்கு வாய்க்கால்ல எவ்வளவு தண்ணி விட்டாலும் நிக்காது எண்டு வயல் செய்யிற எங்கட படுவான்கரையில ஆருக்கும் சொல்லத் தேவல்ல, குளூட்டமேட் கொண்டு வாற மின்னோட்டமும் அப்படித்தான் வோல்டேஜை ஏத்த முதல் ஒழுகிப் போயிரும். ரெண்டாவது, காபா வோல்டேஜை ஒள்ளுப்பம் ஏத்தினதும் நான் மேல சொன்ன பொற்றாசியம் வாசல்கள் திறந்திரும், அதாலயும் ஒழுக்கு. மூண்டாவது, வோல்டேஜ் பாதி ஏறின நிலையில நிண்டா சோடியம் வாசல்கள் களைச்சுப் பூட்டிக்கொள்ளும், அது இல்லாம நியூரோன் சுட ஏலாது. காபா தனிய வந்திருந்தா சும்மா ஏத்துற ஒண்டு, இந்தப் பொற்றாசியமும் சோடியமும் இருக்கிற கலத்தில வந்ததால அடக்குற ஒண்டு.

சில நேரம் காபா சடாரெண்டு வந்தா மக்னோ நியூரோன் ஒருக்கா சுடவும் செய்யும் எண்டு பதிவு இருக்கு. தொடர்ந்து வந்தா அடக்கம் தான்.

சரி அண்ணா, அடக்கி என்ன லாபம்? வேகம் வேணும் எண்டு சொல்லிட்டு பிரேக்கும் போடுதே.

பிரேக் தான் வேகத்தைக் காப்பாத்துது. சத்தம் பலமாகிறபோது மக்னோ எல்லாம் கண்டபடி சுடும், லமினாரிஸுக்கு ஒரு பக்கத்து காதில இருந்து வாறது மட்டுமே போதுமான அளவுக்குக் குவிஞ்சிரும், ரெண்டும் ஒரே நேரம் வந்ததா இல்லையா எண்டு பாக்காமலே சுட்டுரும். அப்ப திசை தெரியாது. ஒலிவரி பலத்தைப் பாத்துப் பாத்து காபா விடுறதால கிசுகிசு சத்தத்திலயும் தாளமேளச் சத்தத்திலயும் லமினாரிஸ்ட கணக்கு ஒரே மாதிரி நிக்குது. அதோட காபா ஓட்டை போட்டதால ஒவ்வொரு குளூட்டமேட் அடியும் இன்னும் கட்டையாகும், ரெண்டு அடியும் ஒண்டில ஒண்டு விழ வேண்டிய நேர இடைவெளி ஒடுங்கும். 1998 இல கியோட்டோ ஆக்கள் லமினாரிஸ்ல இதைக் காட்டினாங்க.

இன்னொரு நுட்பம் கிடக்கு. குளூட்டமேட் நேரத்துக்கு நேரம் அச்சொட்டா வருது, ஆனா மக்னோவுக்கு வாற காபா அப்படி இல்ல, ஒலிவரி நரம்பு வேகமா அடிக்கத் தொடங்கினா முனையில இருந்து காபா ஒழுங்கில்லாம சொட்டிக்கொண்டே இருக்கும். ட்ரசெல்ட ஆக்கள் 2000 இல காட்டினது. முதல்ல பாத்தா அசட்டை வேலை எண்டு தோணும். ஆனா காபாவும் துடிப்புத் துடிப்பா வந்தா அதுவே ஒரு தாளமாகி சத்தத்திட தாளத்தைக் குழப்பிரும், இப்ப தட்டையா, சமனா வந்து நிக்கிறதால நேரம் குழம்பாது.

காபா பீ எண்டு இன்னொண்டு கேள்விப்பட்டன், அது என்ன?

அதே காபா, வேற வாங்கி. இது குளோரைட்டு வாசல் இல்ல, குளூட்டமேட் கொட்டுற முனையிலயே இருந்துகொண்டு "குறைச்சுக் கொட்டு" எண்டு சொல்லுற வகை. குறைச்சுக் கொட்டினா மக்னோவுக்கு நட்டம் தானே? 1998 இல பிரெனோவிட்ஸ், ட்ரசெல் ஆக்கள் பாத்தா வேகமா அடிக்கிற நேரத்தில மாறி நடக்குது. ஒவ்வொரு அடிக்கும் அள்ளிக் கொட்டினா பைகள் சுறுக்கா முடிஞ்சிரும், வாங்கிகளும் மரத்துப் போகும். அளந்து கொட்டினா கடைசி அடி வரைக்கும் கிடைக்கும். ஆகவே குறைக்கிற கெமிக்கல் சிக்னலைக் கூட்டுது.

கிளைசீன் எங்க போனது?

எங்கட முண்ணாண்லயும் மூளைத்தண்டிலயும் கிளைசீன் பெரிய ஆள். பாலூட்டிட மூளைத்தண்டில திசை பாக்கிற இடத்துக்கும் அடக்குற கெமிக்கல் முக்கியமா கிளைசீன் தான், ஜெர்பில் எலியில அதை 2002 இல காட்டினாங்க, அங்க அது நேரத்துக்கு நேரம் அச்சொட்டா வருது. குருவிட லமினாரிஸ்ல அந்த இடத்தைக் காபா பிடிச்சுக்கொண்டது. ஒலிவரிலயும் அங்குலாரிஸ்லயும் கிளைசீன் காபாவோட சேந்து வேலை செய்யுது.

குருவிட காதும் எங்கட காதும் ஒரே மூதாதைட்ட இருந்து அப்படியே வந்ததில்ல, செவிப்பறையுள்ள காது ரெண்டு பரம்பரையிலயும் தனித்தனியா உருவானது. அதால ரெண்டு பேரும் ஒரே கணக்கை வேற வேற வழியில செய்யிறதில அதிசயமில்ல.

இதெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? மூளைக்குள்ள கமெராவா?

கோழிக்கருட மூளைத்தண்டை ஒரு மில்லிமீட்டர்ல சில பங்கு தடிப்பில சீவி, ஒட்சிசன் ஏத்தின உப்புத் தண்ணில போட்டா சில மணித்தியாலம் உயிரோட இருக்கும். மறுகா நுனி மயிரை விட மெல்லிய கண்ணாடிக் குழாயை ஒரு நியூரோன் மேல ஒட்டி மின்னோட்டத்தை அளக்கிறது. பட்ச் கிளாம்ப் எண்ட இந்த முறைக்கு நேஹர், சக்மன் ரெண்டு பேருக்கும் 1991 இல நோபல் பரிசு.

எந்தக் கெமிக்கல் எண்டு பிரிச்சுப் பாக்க நஞ்சு தேவை, அதில பாதி எங்கட பக்கத்துச் சாமான். எட்டிக் கொட்டையில இருக்கிற ஸ்ட்ரிக்னின் கிளைசீன் வாங்கியை அடைக்கும். காக்காய்க்கொல்லி விதையில இருக்கிற பிக்ரொடொக்சின் காபா ஏ வாசலை அடைக்கும், முந்தி அந்த விதையை அரைச்சுத் தண்ணில போட்டு மீன் பிடிச்சிருக்காங்க. பேத்தை மீன்ட நஞ்சு டெட்ரோடொக்சின் சோடியம் வாசலை அடைச்சு நரம்பையே ஊமையாக்கும். ஸ்ட்ரிக்னின் போட்டும் அடக்கம் போகல்ல, பிக்ரொடொக்சின் போட்டாப் போகுது எண்டா அது காபா. இப்படித்தான் ஒவ்வொண்டாக் கழிச்சுக் கழிச்சுப் பிடிச்சது. புள்ளைகளே, பேரைக் கேட்டுட்டு வீட்டில எட்டிக்கொட்டை இடிக்கிற வேலை வேணாம், எல்லாம் ஆளைக் கொல்லுற சாமான்.

அசிற்றைல்கோலின் எங்க வருது?

அது எதிர்ப்பக்கம் போற பாதை. மூளைத்தண்டில இருந்து காதுக்குத் திரும்பிப் போற நரம்பும் இருக்கு, அது மயிர்க்கலத்து மேல அசிற்றைல்கோலின் கொட்டும். குருவில உயரமான மயிர்க்கலம், கட்டையான மயிர்க்கலம் எண்டு ரெண்டு வகை. உயரமானது மூளைக்குச் செய்தி சொல்லும், கட்டையானதுகள்ல கனக்கத்துக்கு மூளைக்குப் போற நரம்பே இல்ல, மூளையில இருந்து வாற நரம்பு தான் முக்கியம்.

தசையில அசிற்றைல்கோலின் வந்தா தசை சுருங்கும், அது தூண்டுறது எண்டு எல்லாரும் பாடமாக்கினது. கட்டை மயிர்க்கலத்தில அதே அசிற்றைல்கோலின் அடக்குது. அல்பா 9, அல்பா 10 எண்ட துண்டுகளால செய்த வாங்கி திறந்து கல்சியத்தை உள்ள விடும், அந்தக் கல்சியம் பக்கத்தில இருக்கிற பொற்றாசியம் வாசலைத் திறக்கும், பொற்றாசியம் வெளியில போக வோல்டேஜ் இறங்கிரும். 1992 இல ஃபுக்ஸ், மரோ ரெண்டு பேரும் கோழிட கட்டை மயிர்க்கலத்தில காட்டினது இது.

வயலுக்கு அடிக்கிற மருந்து குருவிட காதைக் கெடுக்குமா சேர்?

ஓகனோபொஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அசிற்றைல்கோலினை உடைக்கிற நொதியைத்தான் அடைக்குது, ஆகவே கேள்வி நியாயம். ஆனா குருவிக்கு அந்த மருந்து கூடினா காது கெட முதல் மூச்சுத் தசை நிண்டு செத்துப் போகும். வரம்பில கொக்கு விழுந்து கிடந்தா அதை எடுத்துக் கறி வைக்காதீங்க, நாய்க்கும் போடாதீங்க.

பெட்டிச் சத்தத்தில கோழிக்குஞ்சு செவிடாகுமா? திருவிழாவுக்கு எங்கட வளவு வாசல்லயே ஸ்பீக்கர் கட்டுறாங்க.

மயிர்க்கலம் சாகும் தான். ஆனா குருவிக்கு அது திரும்ப முளைக்கும். பலத்த சத்தத்தால மயிர்க்கலம் செத்த பிறகு புதுசு வருது எண்டு 1988 இல சயன்ஸ் இதழ்ல ரெண்டு கட்டுரை வந்தது. கிழட்டுக் கூகைக்கும் இளம் கூகைக்கும் காது கிட்டத்தட்ட ஒரே அளவு கேக்குது எண்டு 2017 இல வந்தது. எங்களுக்கு அந்த அதிர்ஸ்டம் இல்ல, போனா போனது தான், ஆகவே ஸ்பீக்கருக்குப் பக்கத்தில குஞ்சை விட உங்கட புள்ளையைத்தான் முதல்ல தள்ளி வைங்க.

இதில குளூட்டமேட்டுக்கு இன்னொரு வேலையும் தெரிய வந்தது. குஞ்சுட கொக்ளியாவை எடுத்துட்டா சில நாளுக்குள்ள மக்னோ நியூரோன்ல 20 இல இருந்து 30 சதவீதம் செத்துப் போகுது. காயம் ஒண்டும் மூளையில இல்ல. கொக்ளியாவை எடுக்காம டெட்ரோடொக்சினால நரம்பை ஊமையாக்கினாலும் அதே சாவு தான். குளூட்டமேட் ஆம்பா வாங்கிட்ட செய்தி சொல்லுறதோட இன்னொரு மெதுவான வகை வாங்கியில ஒட்டி கலத்துக்குள்ள கல்சியம் ஏறிப்போகாமப் பாத்துக்கொள்ளுது, அது நிண்டா கல்சியம் கூடி நியூரோன் சாகுது. பெரிய கோழிக்கு இந்தளவு சாவு வராது, குஞ்சுக்குத்தான்.

மட்டக்களப்பு வாவில பாடும் எண்டு சொல்லுற மீனுக்கும் இதே சிஸ்டமா?

கல்லடிப் பாலத்தடியில நிண்டு கேட்டவனுக்கு இந்தக் கேள்வி வராட்டித்தான் ஆச்சரியம். மீனுக்குக் கொக்ளியா இல்ல, உள்காதில சுண்ணாம்புக் கல்லு தான். மயிர்க்கலம் இருக்கு, குளூட்டமேட் இருக்கு. மக்னோ, லமினாரிஸ் எண்டு கோழில இருக்கிற இந்தச் சோடி மீன்ல இல்ல.

எனக்குக் காதுக்குள்ள எந்த நேரமும் இரையுது. காபா மாத்திரை ஒன்லைன்ல விக்கிறாங்க, குடிக்கலாமா?

குடிச்ச காபா ரத்தத்தில இருந்து மூளைக்குள்ள லேசில போகாது. போனாலும், மேல வாசிச்சீங்க தானே, ஒரே காபா ஒரு கலத்தில ஏத்தும், இன்னொண்டில இறக்கும், இன்னொரு வாங்கியில கொட்டுறதைக் குறைக்கும். மூளை முழுக்கத் தெளிச்சா எது நடக்கும் எண்டு விக்கிறவனுக்கும் தெரியாது. காசை வச்சுக்கொண்டு காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போங்க. கனபேருக்குக் குறும்பி அடைச்சதாலயும் இரையும், அதை எடுத்து விட்டாலே சரி. ஒரு காது திடீரெண்டு கேக்காமப் போனா மட்டும் கிளினிக் நாள் வரட்டும் எண்டு இருக்காதீங்க, அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இது உயர்தரச் சோதினைக்கு வருமா சேர்?

வராது மகள். சினாப்ஸ் படம், கல்சியம், அசிற்றைல்கோலின் அதுக்குள்ள நில்லுங்க. காபா பத்திக் கேட்டா "அடக்கும்" எண்டே எழுதுங்க, மக்னோ நியூரோன்ல ஏத்தும் எண்டு எழுதி புள்ளியை விடாதீங்க. கம்பஸ் போன பிறகு எழுதுங்க.